களியக்காவிளைக்கு இப்பால் கவிமணி

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையைப் பற்றித் தமிழ்நாட்டில் வெளிவரும் கட்டுரைகளில் ஒரு சங்கதி அநேகமாய் விட்டுப்போகிறது. இன்று நாம் தமிழ்நாடு என்று சொல்கிற மாநிலத்தின் குடியாக அவர் ஒருநாள்கூட இருந்ததில்லை. 1876இல் அவர் பிறந்தபோது தேரூர் திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1954 செப்டம்பர் 26இல் அவர் மறைந்தபோது அது திருவிதாங்கூர்-கொச்சி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதி. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அதோடு பாறசாலையும் நின்றது. ஆக, தமிழ்க் குழந்தைகளுக்கு முதன்முதல் நல்ல பாட்டு தந்தவர்களில் முன்னே நிற்கும் இவர், நம்மைப் போல ஒரு வெளிமாநிலத் தமிழர்தான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதற்கெல்லாம் இதுவே அடிப்படை.

நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்த மனிதர் அவர். அங்கே பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்து, 1931இல் ஓய்வுபெற்று, மனைவியின் ஊரான புத்தேரிக்குப் போய்ச் சேர்ந்தார். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் ரயில் வந்தது 1979இல்தான். அவர் காலத்தில் சாலை வழிதான். தொடுவெட்டி (இன்றைய மார்த்தாண்டம்), களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நம்ம ஊர்களைத் தாண்டித்தான் அவர் போய்வந்திருக்க வேண்டும்.

அவர் முதலில் கற்ற எழுத்து எது தெரியுமோ? மலையாளம். தேரூர்ப் பள்ளிக்கூடத்தில் அன்று மலையாளமே சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்பது வயதில் தகப்பனாரை இழந்தார். தமிழை அவருக்குக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல; திருவாவடுதுறை மடத்தைச் சார்ந்த சாந்தலிங்கத் தம்பிரான். பள்ளியில் ஒரு மொழி, வெளியே தேடிப் பெற்றது இன்னொரு மொழி. நம்ம பிள்ளைகளின் நிலைமை இதிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை.

இப்போது பாட்டுக்கு வருவோம். பசுவையும் கன்றையும் பற்றிய அவருடைய எட்டடிப் பாட்டை அறியாத தமிழ் வீடு குறைவு. ஓர் அடி பசுவுக்கு, அடுத்த அடி கன்றுக்கு என்று மாறி மாறி வரும். இரண்டு குழந்தைகளை எதிரெதிரே உட்கார வைத்தால் ஆளுக்கொரு அடியாகப் பாடிவிடலாம். அதிலுள்ள வினைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள்: மேய், துள்ளு, குதி, ஓடு, நக்கு, குடி, முட்டு. இவை அத்தனையும் மலையாளத்திலும் உள்ளவை! தோட்டம், வெள்ளை, பசு, அம்மா, பால், முத்தம், இவையும் அப்படியே. பாறசாலையில் மலையாளப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இந்தப் பாட்டில் அகராதி பார்க்க வேண்டிய சொல் ஒன்றுமில்லை. அவர் திட்டமிட்டுச் செய்தாரா என்று கேட்டால், அப்படி நான் சொல்லவில்லை. இரண்டு மொழிக்கும் நடுவே வளர்ந்த காது, இரண்டுக்கும் பொதுவான பழைய சொற்களைத் தானாகத் தேடிப் பிடித்தது என்பது என் துணிபு.

அந்தப் பிள்ளைக்குப் புதிதாய்க் கிடைப்பது சொல்லின் வால்தான். மலையாளத்தில் அவன் வந்தாலும் அவள் வந்தாலும் மாடு வந்தாலும் ‘வந்நு’ ஒன்றுதான். தமிழில் மூன்றும் வேறு. எல்லைப்புறப் பிள்ளைகள் சறுக்குகிற இடம் இதுவே. பசு-கன்று பாட்டில் எல்லா வினையும் அஃறிணைக்குரிய ஒரே முடிவோடு வருகிறது. நாலு தடவை பாடினால் அது நாக்கில் உட்கார்ந்துவிடும். அதையும் ‘கிறது’ என்று ஏட்டு வழக்கில் போடாமல், வீட்டில் பேசுகிற ‘உது’ என்ற முடிவோடு போட்டார். ‘காந்தளூர்ச் சாலை’ பற்றிக் கல்வெட்டுகளை ஆராய்ந்து நூல் எழுதிய பண்டிதர் இப்படிச் செய்தார் என்பதை மறந்துவிடாதீர்கள். இலக்கணம் தெரியாதவர் எழுதிய பேச்சுத்தமிழ் வேறு, தெரிந்தவர் இறங்கி வந்து எழுதிய பேச்சுத்தமிழ் வேறு.

இன்னொன்று. அந்தப் பாட்டில் நீதியே கிடையாது. தாயன்பு பெரிது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பசு கூப்பிடுகிறது, கன்று ஓடிவருகிறது, பால் குடிக்கிறது, தீர்ந்தது. நான் சமண மரபில் வந்தவன். எங்கள் வீடுகளில் ஜீவகாருண்யத்தை வாய்கிழியப் போதிப்போம். எட்வின் ஆர்னால்டின் நூலைத் தழுவி அவர் எழுதிய ‘ஆசிய ஜோதி’யில், வேள்விக்குப் போகும் ஆடுகளுக்காகப் புத்தர் மன்றாடும் பகுதியை நான் பலமுறை மேடையில் படித்துக் கண்கலங்கியவன். ஆனாலும் சொல்கிறேன், ஐந்து வயசுப் பிள்ளை மாட்டை அடிக்காமல் இருக்க அந்த மன்றாட்டைவிட இந்த எட்டடி நன்றாக வேலை செய்யும்.

எல்லாப் பாட்டும் இதே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆங்கிலத்திலிருந்து தழுவியவற்றில் சில நன்றாக வேர்பிடித்துவிட்டன. சிலவற்றில் பிள்ளை ரொம்ப சமர்த்தாக, பெரியவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறது. புத்திமதிப் பாட்டுகளில் கவிமணி பின்னே போய் வாத்தியார் முன்னே வந்துவிடுகிறார். பாடப்புத்தகக்காரர்களுக்கு அவைதான் பிடிக்கின்றன, என்ன செய்ய.

வெற்றி என்று பார்த்தால், குழந்தை எழுத்தையே வாழ்நாள் பணியாக்கி வென்றவர் அழ. வள்ளியப்பாதான். 1922இல் ராயவரத்தில் பிறந்து, இந்தியன் வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, 1944இல் ‘மலரும் உள்ளம்’ வெளியிட்டு, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டு, 1989இல் மறையும் வரை எழுதினார். வரவு செலவு பார்க்கிற வேலையிலிருந்து வந்தவர் என்பதால் என் போன்ற வியாபாரிக்கு அவர்மேல் தனிப் பிரியம். எண்ணிக்கையில் கவிமணி அவர் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் வள்ளியப்பா, எங்கும் தமிழ் கேட்கும் ஊரில் வளரும் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதினார். கவிமணியோ தெருவில் பாதி மலையாளம் கேட்கும் பிள்ளைக்கும் எட்டுகிறார்.

அவருடைய குழந்தைப் பாட்டைப் பேசுகிறவர்கள் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ பக்கம் போவதில்லை. அது நையாண்டி நூல், பெரியவர்களுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்லிப் புலம்புகிறாள். மருமக்கள் தாய முறையில் சொத்து சகோதரி பிள்ளைக்கு. பெற்ற பிள்ளை கையை விரித்துக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான். சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தாலும் அடியில் கிடப்பது தகப்பனை இழந்த குழந்தையின் பசி. ஒன்பது வயதில் தகப்பனை இழந்தவர் எழுதியது அது. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து பிள்ளைகளுக்கு உரிமை கிடைத்ததில் இந்த நூலுக்கும் பங்குண்டு. குழந்தைகளால் வாசிக்க முடியாத நூல்தான். ஆனால் குழந்தைகளுக்காக அவர் செய்த பெரிய காரியம் அதுவே என்பேன்.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் நம் சங்கத்தில் நடக்கும் ஒரு தர்க்கம். நம் பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கவிமணி பாட்டுகளை மலையாள எழுத்தில் அச்சிட்டுக் கொடுப்போம் என்று நான் சொன்னபோது, தமிழுக்குச் செய்யும் துரோகம் என்று சிலர் எழுந்துவிட்டார்கள். அவர்கள் பற்று எனக்குப் புரிகிறது. ஆனால் கவிமணியே மலையாள எழுத்தில் தொடங்கித்தானே தமிழுக்கு வந்தார்? கைத்தறி கொள்முதலுக்காக நான் பாலராமபுரத்துச் சாலியர் தெருவுக்குப் போவதுண்டு. அங்கே தறிக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி பசு-கன்று பாட்டை ஒரு பிசகு இல்லாமல் பாடினாள். ‘எழுதிக் காட்டும்மா’ என்றேன். மலையாளத்தில் எழுதினாள். ‘இது என்ன பாஷை?’ என்றால், ‘பாட்டி பாஷை’ என்கிறாள்! அவளிடம் போய் முதலில் அரிச்சுவடி முடி, பிறகு பாடு என்று நான் எப்படிச் சொல்வேன்?

வேலை பெரிதல்ல. அவர் மறைந்து அறுபது ஆண்டு கடந்து, 2014 முடிவோடு பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ‘மலரும் மாலையும்’ தொகுப்பிலிருந்து பன்னிரண்டு பாட்டு போதும். புத்திமதிப் பாட்டுகளை விட்டுவிடலாம். இடப்பக்கம் மலையாள எழுத்து, வலப்பக்கம் தமிழ் எழுத்து. காகிதச் செலவு என்னுடையது. ழ, ள, ற மூன்றும் மலையாளத்தில் உண்டு, அதில் சிக்கல் இல்லை. ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் அங்கே மட்டும் பிள்ளை தடுமாறும். அதற்குப் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். சங்கத்தில் பாட்டிமாருக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு யார் யார் வரமுடியும் என்று பெயர் கொடுத்தால் தேவலை.