சமநிலையும் சம்மதமும்

குழு விவாதம் என்றதும் நம்மவர்கள் சிலருக்கு ஒரு பரவசம் வந்துவிடுகிறது. ஆசிரியர் என்னும் மையம் தகர்ந்துவிட்டதாம், அறிவு வட்டமாக உட்கார்ந்துவிட்டதாம். வைகாட்ஸ்கியை வேறு துணைக்கு இழுத்துக்கொள்கிறார்கள். 1934இல், அவர் இறந்த ஆண்டிலேயே வெளிவந்த ‘சிந்தனையும் மொழியும்’ நூலில், அன்றாடக் கருத்து கீழிருந்து மேலாகவும் அறிவியல் கருத்து மேலிருந்து கீழாகவும் வளர்ந்து சந்திப்பதைப் பற்றி அவர் எழுதுகிறார். சந்திப்பு என்றால் உரசலும் உண்டுதானே. அந்த உரசலைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

வேதிச் சமநிலையை எடுத்துக்கொள்வோம். தமிழில் படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சொல்லே ஒரு கண்ணி. உள்ளே ‘சமம்’ உட்கார்ந்திருக்கிறது. ‘நிலை’யோ எல்லாம் நின்றுபோய்விட்டதாகக் காட்டுகிறது. இரண்டுமே தப்பான பக்கம் இழுக்கின்றன. சமமாவது முன்னோக்கு, பின்னோக்கு வினைகளின் வேகம். பொருள்களின் அளவு அல்ல. ஹைட்ரஜன் ஒரு மோல், அயோடின் ஒரு மோல் எடுத்து 450 டிகிரி செல்சியஸ் அளவில் மூடிவைத்தால், சமநிலையில் ஹைட்ரஜன் அயோடைடு ஏறத்தாழ 1.56 மோல் இருக்கும். மற்ற இரண்டும் ஆளுக்கு 0.22 மோல்தான் மிஞ்சும். வினை நின்றும் போகாது, நடந்துகொண்டேதான் இருக்கும்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்துபேர் இதை விவாதிக்க, பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். முதல் மார்க் வாங்குகிற பையன் வரையறையை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிட்டு, அதே மூச்சில் “அப்போ ரெண்டு பக்கமும் பாதிப்பாதி இருக்கும்” என்றான். எழுத்துத்தமிழில் சரி, பேச்சுத்தமிழில் தப்பு. பரீட்சைத்தாளின் கண்ணுக்கு முதலாவது மட்டுமே படும். (இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. வாயு விதிக் கணக்குகளைச் சரியாகப் போட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் பலர், அதே விதியைத் துகள்களின் படமாகக் கேட்டபோது தடுமாறியதை நரன்பெர்னும் பிக்கரிங்கும் 1987இல் எழுதினார்கள்.) விவாதம் இல்லாவிட்டால் அந்த ‘பாதிப்பாதி’ வெளியே வந்தே இருக்காது. விவாதத்திற்கு நான் தரும் முதல் மரியாதை இதற்காகத்தான்.

ஆனால் அடுத்து நடந்ததைக் கேளுங்கள். ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: “டவுன் பஸ்ல ஏறுறவங்களும் எறங்குறவங்களும் ஒரே அளவுன்னா, பஸ்ஸுக்குள்ள இருக்கவங்களும் ஸ்டாப்புல நிக்கிறவங்களும் சமம்னு ஆயிடுமா?” அந்த வகுப்பில் அன்று யாரும் அதைவிடத் துல்லியமாகப் பேசவில்லை. பையன் சொன்னான்: “அது பஸ்சு, இது கெமிஸ்ட்ரி.” மற்ற மூவரும் சிரித்தார்கள், பையன் பக்கம் சாய்ந்தார்கள். குழு ஏகமனதாக ஒரு தப்பான முடிவுக்கு வந்தது. பேசியது வேதியியல் அல்ல, மார்க்கு. மையம் எங்கே தகர்ந்தது? கரும்பலகையிலிருந்து இறங்கி வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே.

அப்படியானால் விவாதமே ஏமாற்றா, கெட்டிக்காரனைப் பார்த்துக் காப்பியடிப்பதற்கு வைத்த நாகரிகப் பெயரா? இல்லை. கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பொன்றில் செய்த ஆய்வு 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. குழுவில் ஒருவருக்குக்கூட முதலில் சரியான விடை தெரியாத இடங்களிலும், பேசிய பிறகு, அதே கருத்தை ஒட்டிய வேறொரு கேள்விக்குத் தனித்தனியாகச் சரியாக விடை சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறைதான் அங்கும்: முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடையைப் பதிய வேண்டும், பிறகே பேச்சு. அந்த மௌனமான ஒரு நிமிடம் பஸ் சொன்ன பெண்ணுக்கு வாய்த்திருந்தால், சிரிப்பு வருவதற்கு முன் அவள் கட்சி தாளில் ஏறியிருக்கும்.

இன்னொன்றும் வேண்டும். குழுவின் சம்மதத்துக்கு மூலக்கூறு கட்டுப்படாது. அதனால் குழுவை எதிர்த்துப் பேசும் ஒரு பொருளை நடுவில் வைத்தாக வேண்டும். காரீய அயோடைடின் நிறைவுற்ற கரைசலுக்கு அடியில் கதிரியக்க அயோடின் கொண்ட அதே உப்பைப் போட்டால், கரைசலின் செறிவு கூடாது, ஆனாலும் சிறிது நேரத்தில் கரைசலில் கதிரியக்கம் தென்படும். நம் பள்ளிகளில் இதைச் செய்துகாட்ட முடியாதுதான். செய்தியாகச் சொல்லி, “எதுவும் நடக்கலைன்னா இது எப்படி உள்ளே வந்தது?” என்று கேட்கலாமே. “நின்னுபோச்சு” என்பவன் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், அவன் எத்தனாவது ரேங்க் ஆனாலும்.