மலையைக் குடையுமுன் ஓடையைப் பாருங்கள்

வைகை அணையில் தேங்கும் நீர் எங்கிருந்து வருகிறது? பள்ளி மாணவரைக் கேட்டால், வருசநாட்டு மலையிலிருந்தும் பெரியாற்றிலிருந்தும் என்று உடனே சொல்லிவிடுவார். விடை சரிதான், ஆனால் முழுமையானதன்று. போடி மலைகளில் பிறந்து வைகையில் சேரும் கோட்டக்குடி ஆறும், வரைபடத்தில் பெயர்கூட இல்லாத எத்தனையோ ஓடைகளும் அதில் பங்கு கொண்டவை. 1959-இல் திறக்கப்பட்ட இந்த அணையை மதுரையின் குடிநீரும், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களும் நம்பியிருக்கின்றன. ஆகவே ஓர் ஓடையின் தலைமாட்டில் நடக்கும் வேலை அங்கேயே முடிந்துவிடுவதில்லை.

அத்தகைய வேலை ஒன்றுக்கு முன்னால் நாம் என்ன கேட்டோம், எதைக் கேட்கத் தவறினோம் என்பதைப் பார்ப்போம். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகமே நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம்.

இது அறிவியலுக்கு எதிரான கட்டுரை அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாக 1965-இல் பதிவு செய்த இடங்களுள் ஒன்று நமது கோலார் தங்கச் சுரங்கம். அந்தப் பெருமையைத் தொடர விஞ்ஞானிகள் விரும்பியது நியாயமே. விண்ணிலிருந்து வரும் மற்றத் துகள்களை வடிகட்ட, எல்லாப் பக்கமும் சுமார் 1 கிலோமீட்டர் கனமுள்ள பாறை தேவை. கடினமான சார்னோக்கைட் பாறையாலான போடி மேற்கு மலை அதற்கு ஏற்றது. அதனுள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வெட்டி, முடிவில் ஒரு பெருங்குகை குடைந்து, 50,000 டன் காந்த இரும்பாலான கருவியை நிறுவுவதே திட்டம்.

திட்டம் வெளியானதும் நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும், பயிர் கருகும் என்ற அச்சம் பரவியது. இதற்கு அடிப்படை இல்லை. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் கோடிக்கணக்கான நியூட்ரினோக்கள் உங்கள் உடலை ஊடுருவிச் சென்றிருக்கும். ஒரு தீங்கும் நேரவில்லை அல்லவா? இந்தப் பொய்யச்சத்தை மறுப்பது எளிது. அதனால் அதை மறுப்பதிலேயே பேச்சு பெரும்பாலும் செலவாயிற்று. மெய்யான கேள்வி பின்னுக்குப் போயிற்று. நாம் அஞ்ச வேண்டியது துகளை அன்று. அதைப் பிடிக்கச் செய்யும் குடைவை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுரங்கப்பாதையின் அகலம் 7.5 மீட்டர், உயரமும் அவ்வளவே என்று கொள்வோம். நீளம் 2,000 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 1,12,500 கன மீட்டர். பாறையின் எடை கன மீட்டருக்கு 2.7 டன் எனக் கொண்டால், பாதை மட்டுமே 3 லட்சம் டன் கல்லை வெளியே தள்ளும். 10 டன் லாரிகளுக்கு 30,000 நடை! குகையின் கல் இதில் சேரவில்லை. உடைந்த கல் முன்பிருந்ததைவிட அதிக இடத்தை அடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தக் குவியல் எங்கே நிற்கும்? மழையில் அதன் தூள் எந்த ஓடையில் இறங்கும்?

இரண்டாவது கேள்வி நிலத்தடியைப் பற்றியது. கெட்டியான பாறையில் நீர் விரிசல்களில்தான் நடமாடும். சுரங்கம் ஒரு பெரிய விரிசலைக் குறுக்கே வெட்டினால், மேலேயுள்ள ஊற்றின் நீர் சுரங்கத்துக்குள் இறங்கிவிடலாம். இது வீண் கற்பனை அன்று. நார்வேயில் ஆஸ்லோ நகருக்கு அருகே 1990-களில் ரொமெரிக்ஸ்போர்ட்டன் ரயில் சுரங்கம் வெட்டப்பட்டபோது நீர் கசிந்து, மேலே காட்டிலிருந்த ஏரிகளின் மட்டம் இறங்கியது. அங்கும் கடினப் பாறைதான்.

இனி நமது விதிமுறைகளைப் பார்ப்போம். இத்திட்டத்திற்காகக் கோவை சலீம் அலி பறவையியல் மையம் மதிப்பீட்டு அறிக்கை தயாரித்தது. 2011-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை நிறுத்தி வைத்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பது முக்கியக் காரணம். 2018 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சிறப்பு நேர்வாகக் கருதி மீண்டும் அனுமதி அளித்தது. எந்த இனத்தின் கீழ் தெரியுமா? 2006 அறிவிக்கையின் 8(அ): கட்டட, கட்டுமானத் திட்டங்கள்!

இங்கேதான் என் முதன்மையான குறை. அந்த இனம் நகரத்து அடுக்குமாடிகளையும் வணிக வளாகங்களையும் மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. அதற்கு விரிவான மதிப்பீட்டு அறிக்கையோ மக்கள் கருத்துக் கேட்போ கட்டாயமில்லை. மலையைக் குடைவதைக் கட்டடம் என்று பெயரிட்டுவிட்டால், கட்டடத்துக்குரிய கேள்விகளே எழும். ஊற்றைப் பற்றிய கேள்வி எப்படி எழும்?

சிறிய திட்டங்களின் நிலை இன்னும் மோசம். அதே இனத்தில் 20,000 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடப் பரப்புக்கு இந்த அனுமதியே தேவையில்லை. ஓடைக்கரையில் பத்துப் பேர் தனித்தனியே கட்டினால், பத்தையும் சேர்த்து எடைபோட யாரும் இல்லை. ஓடைக்கோ பத்தும் ஒன்றுதான்.

காலமும் ஒரு குறை. விரைவு மதிப்பீட்டில் மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்துத் தகவலே போதும் என்பது நம் நாட்டில் ஊறிப்போன வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கின் ஓடையைக் கோடையில் அளப்பவர் மணலைத்தான் அளப்பார். ஐப்பசியில் வந்து பார்க்கட்டும்!

மதிப்பீடு என்றாலே முட்டுக்கட்டை என்பாரும் உண்டு. இதே ஆய்வகத்திற்கு முதலில் தேர்ந்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருப்பதால் 2009-இல் அது மறுக்கப்பட்டது. திட்டம் வேறு இடம் தேடியது. இடத்தை மாற்ற முடிகிற நேரத்திலேயே சொல்லிவிடுவதுதான் மதிப்பீட்டின் பயன். பொட்டிப்புரத்தில் அந்த நேரம் தவறியது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இம்மலை புலிகளின் வழித்தடம் என்றும் ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்றும் உச்ச நீதிமன்றத்தில் கூறி எதிர்த்தது. முதல் அனுமதிக்கும் இதற்கும் இடையே 11 ஆண்டுகள்! விஞ்ஞானிகளும் இழந்தார்கள், ஊராரும் நிம்மதி இழந்தார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரின் இந்திய நில அளவைத் துறை வரைபடத்தை எடுங்கள். வற்றாத நீரோடைகள் நீலத்தில் இருக்கும். வற்றிவிடும் ஓடைகள் கறுப்புக் கோடுகளாக இருக்கும். அந்தக் கறுப்புக் கோடுகளில் ஒன்றை மலைமுகட்டிலிருந்து கண்மாய் வரை பென்சிலால் தொடருங்கள். வழியில் எந்த மனைப்பிரிவு, எந்தக் கல்குவாரி வருகிறது என்று குறியுங்கள். பிறகு கிராம சபைக்குப் போய், இந்தக் கோட்டை யாராவது அளந்தார்களா, எந்த மாதத்தில் அளந்தார்கள் என்று கேளுங்கள்.