கையெழுத்து யாருடையது?

பெண்ணுடல் பற்றி நம் சூழலில் நிறையவே பேசியாயிற்று. ஃபூக்கோவை முன்வைத்துப் பைத்தியம் பற்றியும் பேசினோம். இரண்டும் ஒரே உடலில் சந்திக்கும் இடம் பற்றி மட்டும் மௌனம். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிற பெண் கர்ப்பமானால் அவளை நம் சட்டங்கள் எப்படி எழுதுகின்றன? அவற்றைப் பிரதிகளாக வைத்து வாசித்துப் பார்க்கிறேன்.

1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி, வயதுவந்த பெண்ணுக்கு அவள் சம்மதமே போதும். 'பைத்தியம்' என்றால் காப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். 2002இல் அச்சொல் 'மனநோயாளி' ஆயிற்று. மனக்கோளாறுக்குச் சிகிச்சை தேவைப்படும் எவரும் மனநோயாளி என்று விளக்கமும் சேர்ந்தது. மனச்சோர்வுக்கு மாத்திரை போடுகிறவளும் இதற்குள் வந்துவிடுகிறாள். சொல் நாகரிகமாயிற்று, வலை அகலமாயிற்று.

இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, 'பிள்ளை பெறத் தகுதியற்ற' அளவுக்கான மனக்கோளாறு பற்றிப் பேசுகிறது. வீட்டிலோ, "ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்கிறார்கள். ஒன்றுக்கொன்று முரண்போலத் தெரியும். ஆனால் இரண்டிலும் அவள் கருப்பையைத் தீர்மானிப்பது அவளல்ல.

1994இல் ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த அறிவுவளர்ச்சி குன்றிய பெண்களுக்குப் புனேயில் கருப்பையை அகற்றினார்கள். மாதவிலக்குச் சுத்தம் காரணமாகச் சொல்லப்பட்டது. கருப்பை போனால் கர்ப்பம் தங்காது, சரி. பலாத்காரம் நின்றுவிடுமா? அதன் தடயம்தான் இல்லாமல் போகும்.

2009இல் சண்டிகர் காப்பகத்தில் பலாத்காரத்தால் கர்ப்பமான பெண், பிள்ளை வேண்டும் என்றாள். கலைக்கச் சொன்ன உயர்நீதிமன்ற ஆணையை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. நாம் கொண்டாடினோம். ஆனால் அறிவுவளர்ச்சிக் குறைபாடு வேறு, மனநோய் வேறு என்று பிரித்துத்தான் அத்தீர்ப்பு அவளைக் காப்பாற்றியது. மனநோயாளிப் பெண் கோட்டுக்கு அந்தப்பக்கமே நிற்கிறாள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வேறு மொழி பேசுகிறது. மனநோய்க்குச் சிகிச்சை என்று கருத்தடை அறுவை செய்யக்கூடாது. சிகிச்சைக்குச் சேர்ந்த தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது. தனக்குச் சொல்லப்படுவதைப் புரிந்துகொள்ள முடிந்தவர் தன் சிகிச்சையைத் தானே தீர்மானிக்கலாம். அப்படியானால், மனநோய் மாத்திரை வேண்டுமா என்று முடிவுசெய்யத் தகுதியுள்ளவள், கர்ப்பம் வேண்டுமா என்று முடிவுசெய்ய மட்டும் எப்படித் தகுதியிழக்கிறாள்? நோய் முற்றிப் பேச்சே தடுமாறும் நேரங்கள் உண்டு, மறுக்கவில்லை. அந்த நேரத்தை வைத்து அவள் ஆயுளையே அளப்பதைத்தான் கேள்விக்குட்படுத்துகிறேன்.

மருந்துச்சீட்டும் ஒரு பிரதிதான். வால்ப்ரோயேட் கருவின் மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கக்கூடியது. கார்பமஸெபைன் சாப்பிட்டால் கருத்தடை மாத்திரையின் பலன் குறையும். சில மருந்துகளால் மாதவிலக்கு நின்றுவிடும். 'இனி நமக்கு உண்டாகாது' என்று இருந்துவிடுவாள். மருந்தை மாற்றியதும் உண்டாகிவிடும். இதையெல்லாம் கூட வந்த அம்மாவிடமோ புருஷனிடமோ சொல்லி அனுப்பினால் எப்படி? பிறகு 'எதிர்பாராத கர்ப்பம்' என்கிறோம். எதிர்பார்க்க அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தோம்?

கருக்கலைப்புச் சட்டத்தின் அந்தக் காப்பாளர் வரியை நீக்கக் கோரவேண்டும். அதுவரை காத்திராமல், முதல் மருந்துச்சீட்டு எழுதும்போதே அவள் முகம் பார்த்துக் கேட்கலாம்: "புள்ள பெத்துக்கற யோசன இருக்காம்மா?"