நண்பனின் வீடு எங்கே: ஓர் ஆசிரியனின் பார்வை

ஈரானிய நெறியாளர் அப்பாஸ் கியாரொஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே?’ 1987இல் வெளிவந்தது. 1989இல் லொகார்னோ திரைப்பட விழாவில் வெண்கலச் சிறுத்தை விருது பெற்ற பின்னரே பிற நாடுகளில் பரவலாகப் பேசப்பட்டது. ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில், விடுதி நண்பரொருவர் கொண்டுவந்த இறுவட்டில் இதனை முதன்முதலாகப் பார்த்தேன். பதினைந்து பேர் கூடினோம். படம் முடியும்போது நால்வர்தான் எஞ்சியிருந்தோம். “பொடியன் ஓடுறான், ஓடுறான், வேற என்னதான் நடக்குது?” என்று எழுந்துபோனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், எஞ்சிய நால்வரும் இன்றும் சந்தித்தால் அப்படத்தைப் பற்றியே பேசுகிறோம்.

கதை மிகச் சிறியது. கோக்கர் என்ற கிராமத்துப் பாடசாலை. நெமத்ஸாதே என்ற மாணவன் வீட்டுப்பாடத்தைக் கொப்பியில் எழுதாமல் தனித்தாளில் எழுதிவருகிறான். ஆசிரியர் அத்தாளைக் கிழித்தெறிகிறார்; இன்னொரு தடவை இப்படிச் செய்தால் பாடசாலையை விட்டே விலக்குவேன் என்கிறார். அன்று மாலை, பக்கத்தில் இருக்கும் அஹ்மத் தன் பையில் நண்பனின் கொப்பியும் இருப்பதைக் காண்கிறான். இரண்டும் ஒரே அட்டை, மாறி எடுத்துவந்துவிட்டான். நண்பன் இருப்பது அடுத்த ஊரான பொஷ்தேயில். வீடு எதுவென்று தெரியாது. பாண் வாங்கிவரச் சொன்ன உம்மாவின் சொல்லை விட்டுவிட்டுக் குன்றின் வளைந்த பாதையில் அவன் ஓடுகிறான்.

அமானிதம் பற்றி எத்தனையோ பயான்கள் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லின் பாரத்தை எட்டு வயதுப் பிள்ளையின் முகத்தில் நான் கண்டது இப்படத்தில்தான். இத்தனைக்கும் படத்தில் யாரும் உபதேசம் செய்வதில்லை. திரைப்படம் என்றாலே முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நான் காட்ட விரும்பும் முதற் படம் இது.

பெரியவர்கள் எவரும் அஹ்மதின் சொல்லுக்குக் காது கொடுப்பதில்லை. அவனுடைய மூத்தாப்பா சட்டைப்பையில் சிகரட் இருக்கத்தக்கதாகவே சிகரட் எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். பிள்ளை கீழ்ப்படியப் பழக வேண்டுமாம். பிள்ளை தவறே செய்யாவிட்டால் என்ன செய்வாய் என்று பக்கத்திலிருப்பவர் கேட்க, அடிக்க ஏதேனும் காரணம் தேடுவேன் என்கிறார். இவரைக் கொடியவராகக் காட்ட நெறியாளர் முயலவில்லை. நம் திண்ணைகளில் இருக்கும் அதே மனிதர்தான். அஹ்மதுக்குச் செவிசாய்ப்பவர் மரக்கதவுகள் செய்யும் முதியவர் ஒருவர் மட்டுமே. இரும்புக் கதவுகள் வந்து அவரது தொழிலை விழுங்கிவிட்டன. வழிகாட்டுகிறார், ஆனால் நடை தளர்ந்துபோயிற்று, இருட்டியும் விடுகிறது. சேர்ந்த இடமோ சரியான வீடல்ல. அதைச் சொல்லி அவர் மனத்தை நோகடிக்க விரும்பாத பையன் கொப்பியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்கிறான். படத்தின் மிக மென்மையான இடம் இது.

பயிலுநராய்ப் பார்த்தபோது அந்த ஆசிரியர்மீது எனக்குக் கோபம் வந்தது. 2022இல் கொப்பி விலை எகிறிய நாட்களில் என் வகுப்பு மாணவன் ஒருவன் பழைய கலண்டர்த் தாளின் பின்புறத்தில் கணக்குச் செய்துவந்தான். நான் கிழிக்கவில்லை, கையெழுத்திட மறுத்துவிட்டேன். கொப்பியில் எழுதினால்தான் ஒழுங்கு பழகும், முன்னேற்றமும் தெரியும் என்று விளக்கினேன். அவனும் அவன் காக்காவும் ஒரே கொப்பியைப் பங்கிட்டு எழுதியது பின்னர்தான் தெரியவந்தது. இரவு வீட்டில் நினைவுக்கு வந்தது: படத்து ஆசிரியர் சொல்லும் காரணங்களும் அவை இரண்டேதான். அவை நியாயமான காரணங்கள் என்பதே என்னை இன்றும் உறுத்துகிறது.

முடிவில் அஹ்மத் நண்பனின் வீட்டுப்பாடத்தையும் தானே எழுதிக் கொண்டுவருகிறான். சட்டப்படி பார்த்தால் அது கள்ளவேலை. ஆசிரியர் பக்கத்தைப் புரட்டுகிறார். முதியவர் கொடுத்த பூ நடுவே காய்ந்து கிடக்கிறது. நன்று என்று கையெழுத்திடுகிறார். அந்த எழுத்தின் பின்னால் நடந்த ஓட்டமும் பசியும் பயமும் அவருக்குத் தெரியாது. நாம் அறிவோம். இந்த வித்தியாசத்திலேயே படம் நிற்கிறது. ஆசிரியரைத் திருத்தவோ தண்டிக்கவோ கியாரொஸ்தமி முற்படாதது சிலருக்குக் குறையாகப் படலாம். திருத்தியிருந்தால் நான் நிம்மதியாக எழுந்துபோயிருப்பேன்.

1990 ஜூன் நிலநடுக்கம் அப்பிரதேசத்தைச் சிதைத்தது. அச்சிறுவர்களைத் தேடிப் போன அனுபவத்திலிருந்து 1992இல் கியாரொஸ்தமி இன்னொரு படம் எடுத்தார். இருவரும் உயிர்தப்பியிருந்தனர், 1994இல் வந்த ‘ஒலிவ் மரங்களினூடே’ படத்தில் வளர்ந்த பிள்ளைகளாகத் தோன்றுகின்றனர். 2016இல் கியாரொஸ்தமி காலமானார்.

இப்போது வீட்டுப்பாடம் எந்தத் தாளில் வந்தாலும் வாங்கிப் பார்க்கிறேன். ஏன் இதில் எழுதினாய் என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கிறேன். சில பிள்ளைகள் பதில் சொல்ல வெகுநேரம் எடுக்கிறார்கள்.