காடு காக்கக் குடிசை பலியா?

காடு வேண்டும், ஐயமில்லை. மலை வேண்டும், மழை வேண்டும், மாந்தர் உயிர்க்கத் தூய காற்று வேண்டும். இதனை மறுப்பார் எவருமிலர், நாமும் மறுத்தோமில்லை. நாம் கேட்பது ஒன்றே: காட்டைக் காக்கும் கடமைக்கு, ஏழையின் குடிசை மட்டுந்தானா விலை?

டில்லிக்குத் தெற்கே, அரியானாவின் பரீதாபாத்தை ஒட்டி, ஆரவல்லிக் குன்றுகளின் மடியில் இருந்தது கோரி என்னும் ஊர். கல் உடைக்க வந்த கைகள் அமைத்த ஊர் அது. தலைநகரத்து மாளிகைகளுக்குக் கல் வேண்டியிருந்தபோது, மலையைப் பிளந்தனர் குத்தகைக்காரர். 2002-ல் உச்சநீதிமன்றம் சுரங்கத் தொழிலுக்குத் தடை விதித்தது. இலாபம் கண்டோர் ஏகினர், எஞ்சியோர் பாட்டாளிகள். பின்னர் வந்தனர் நிலத் தரகர்கள். காட்டு நிலத்தைத் துண்டு போட்டு, முத்திரைத்தாளில் எழுதி விற்றனர். உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொட்டிக் கொடுத்து, எளியோர் வீடு கட்டினர்.

2021 ஜூன் 7. ஆறு வாரத்தில் அனைத்தையும் அகற்றுக என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஏறத்தாழ 10,000 வீடுகள்! கொரோனாக் கொடுமை ஓயாத நேரம்; மழைக்காலம் வேறு. இயந்திரங்கள் இரைந்தன, சுவர்கள் சரிந்தன. மாற்று வீட்டுக்குச் சான்றுகள் கேட்டனர். தவணையில் பணமும் கேட்டனர். கூரை இழந்தவன், இடிபாட்டுக்குள் சான்றிதழ் தேடினான்!

அதே பரீதாபாத்தின் ஆரவல்லி நிலத்தில் எழுந்த செல்வர் குடியிருப்பு, கான்ட் என்கிளேவ். அதனையும் இடிக்கச் சொல்லி 2018-ல் தீர்ப்பளித்தது அதே நீதிமன்றம், பாராட்டுவோம். ஆனால் அங்கே மனை வாங்கியோர்க்கு 18 விழுக்காடு வட்டியுடன் பணம் திரும்ப வேண்டும், வீடு கட்டியோர்க்கு 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வேண்டும் என்றும் தீர்ப்புக் கூறிற்று. கோரி மக்களுக்கோ, மாதம் 2,000 ரூபாய் வாடகைப் பணம், அதுவும் ஆறு மாதத்திற்கு!

அங்கே அரசுத்துறை அனுமதி தந்திருந்தது என்பர். உண்மையே. இங்கே, ஆயிரமாயிரம் வீடுகள் எழும் வரை அதே அரசு கண்ணை மூடிக்கொண்டிருந்ததே, அதற்கு என்ன பெயர்? ஏமாந்த செல்வன் இழப்பீட்டுக்கு உரியவன். ஏமாந்த ஏழை ஆக்கிரமிப்பாளன்! நாணயம் ஒன்று, தராசு இரண்டு.

எந்தக் கட்டடத்துக்கும் விலக்கில்லை என்றுதான் நீதிமன்றம் மொழிந்தது. ஏட்டிலே சமநீதி! நாட்டிலே? கோரி சில வாரங்களில் தரைமட்டமானது. சுற்றியுள்ள பண்ணை வீடுகளையும் விருந்து மண்டபங்களையும் இடிக்கும் வேலை 2025-லும் முடிந்தபாடில்லை.

மலை மீளட்டும், மரம் தழைக்கட்டும். ஆனால் மாற்று வீட்டின் சாவி கையில் வந்த பிறகே சுவரில் கடப்பாரை விழட்டும். மலையை விற்றவனை விட்டுவிட்டு, அதன் அடிவாரத்தில் படுத்துறங்கியவனைத் துரத்துவது காட்டுப் பாதுகாப்பன்று, காட்டு நீதி!