ஷீ மரத்தின் இலை

ஜப்பானின் பழந்தொகை மன்யோஷூவில் இளவரசர் அரிமாவின் பெயரில் ஒரு குட்டிக் கவிதை உண்டு. வீட்டில் கலத்தில் இடும் சோறு, பயணத்தில் இலைக்கு மாறிவிடுவதைச் சொல்கிறது. நான் முதலில் படித்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அது ஓக் இலை. ஏதோ பிக்னிக் மாதிரி இருக்கே என்று கடந்துவிட்டேன். நமக்கு இலைச் சாப்பாடு என்றாலே விருந்துதானே!

மூலத்தில் இருப்பது ஷீ. பீச் குடும்பம், ஓக்குக்கு உறவு. ஆனால் குளிரிலும் மொத்தமாக இலை உதிர்க்காத மரம். அதன் கொட்டையைக் கசப்பு நீக்காமலே தின்னலாம். இலையோ விரல் நீளம், இரண்டு விரல் அகலம். அதில் எவ்வளவு சோறு நிற்கும்? இந்தச் சந்தேகத்தில்தான் சில ஆய்வாளர்கள் அதைத் தெய்வத்துக்கு வைத்த படையல் என்கிறார்கள். இருக்கலாம். எனக்கென்னவோ அந்த இலை போதாமல் போவதுதான் கவிதை.

ஆண்டு 658. கலகக் குற்றம் சாட்டி அரிமாவை விசாரணைக்குக் கொண்டுபோகிறார்கள். இருபதுகூட ஆகாத பையன். திரும்பும் வழியில் ஃபுஜிஷிரோவில் தூக்கு. பழைய நாட்காட்டியில் பதினொன்றாம் மாதம், அதாவது குளிர்காலம். ஓக் என்று எழுதினால் என் மனசில் மொட்டை மரம்தான் நிற்கிறது. ஷீ என்றால்தான் காவலுக்கு நடுவிலும் கைக்கெட்டும் ஒரு பச்சை இலை இருக்கிறது.

தமிழில் செய்பவர்கள் தயவுசெய்து ஷீ என்றே வையுங்கள், அடிக்குறிப்பு நீண்டாலும் பரவாயில்லை. வெறுமனே ‘இலை’ என்று விட்டால் வாழையிலை வந்து உட்கார்ந்துகொள்ளும்.