காற்று ஓய்ந்ததும் காது கொடுங்கள்

ஆந்தையின் குரலை ரசிக்க விரும்புகிறவர் முதலில் நல்ல இரவாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை அதற்கு வாகான காலம். துலாமழை எனப்படும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், புள்ளி ஆந்தைக்கும் காலன்கோழி என்னும் ஆந்தைக்கும் அது கூடு வைக்கும் பருவம். எல்லையைக் காக்கவும் இணையை அழைக்கவும் அவை ஓயாமல் குரல் கொடுக்கும்.

மழை இரவில் காத்திருக்க வேண்டாம். ஐரோப்பிய ஆந்தை ஒன்றைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வின்படி, உலர்ந்த இரவில் சுமார் 118 ஹெக்டேருக்குக் கேட்கும் அதன் கூவல், மழை இரைச்சலில் 2 ஹெக்டேருக்குள் சுருங்கிவிடுகிறது. யாருக்கும் கேட்காதபோது அது ஏன் கூவ வேண்டும்?

காற்றையும் கவனியுங்கள். இந்தக் கடலோர நகரத்தில் பகலில் கடற்காற்று வீசும். பொழுது சாய்ந்தபின் அது தளர்ந்து, தரைக்காற்று எழுவதற்குள் கொஞ்ச நேரம் எல்லாம் அசையாமல் நிற்கும். அதுவரை சலசலத்த தென்னோலைகள் தொங்கிப்போகும். பொழுது சாயும்போதே மரப்பொந்திலிருந்து வெளியே வந்துவிடும் புள்ளி ஆந்தைகள் சண்டை பிடிப்பதுபோல் கீச்சிடுவது அப்போது தெளிவாகக் கேட்கும். ஒன்று தொடங்க, இன்னொன்று சேர்ந்துகொள்ளும். இரண்டு குரலையும் பிரித்துக் கேட்டுப் பழகுங்கள்.

விடியலுக்கு முந்தைய நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். மேகமில்லாத இரவில் தரை குளிர்ந்து, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று படிந்திருக்கும். ஒலி மேலே போகாமல் தரைப்பக்கம் வளையும். பக்கத்து மரத்தில் கேட்பதுபோன்ற கூவல், வெள்ளாயணிப் பக்கத்து வயல்களைக் கடந்து வந்ததாக இருக்கலாம்.

நிலவின் விளைவு இனத்துக்கு இனம் மாறும். ஸ்பெயினில் கொம்பன் ஆந்தைகள் நிலவு நாளில் அதிகம் கூவுகின்றன. கூவும்போது தொண்டையின் வெள்ளைத் திட்டு நிலவொளியில் பளிச்சென்று தெரியும்.

காலன்கோழியின் குரலைக் கேட்டால் சாவு வரும் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கல்லெறிந்து விரட்டுவதைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. எலியைப் பிடித்துத் தின்னும் பறவை அது. பயத்தை விட்டு ஒருமுறை கேளுங்கள்: நடுங்கியபடி எழுந்து, உச்சிக்குப் போய், நீண்டு தேயும் குரல். இருட்டில் இதைவிட அழகாக ஒரு பறவை பேசி நான் கேட்டதில்லை.

செல்போனில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். வேற்று ஆந்தை எல்லைக்குள் புகுந்துவிட்டதென்று நினைத்து, அங்கிருக்கும் ஆந்தை குஞ்சுகளை விட்டுவிட்டு அதை விரட்டப் பறந்து வரும்.